போதை போச்சு, பேரு போகலை!

ஸ்பெயின் நாட்டில், பார்சலோனா நகரத்துக்குப் பக்கத்தில் பெனடெஸ் என்று ஒரு வட்டாரம். நமக்குக் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் திராட்சை. அங்கே டோரஸ் என்கிற குடும்பம் 1870-லிருந்து ஒயின் தயாரித்து உலகம் பூரா விற்கிறது. இப்போது நடப்பது ஐந்தாவது தலைமுறை. இந்தக் குடும்பம் 2000-களின் பிற்பகுதியில் 'நேச்சுரியோ' என்று ஒரு புதுப் பாட்டிலைக் கடைக்கு அனுப்பியது. அதே திராட்சை, அதே கண்ணாடி பாட்டில், அதே குடும்பப் பெயர். ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. ஆல்கஹால்!

'காரமில்லாத மிளகாய்ப் பொடி மாதிரி இருக்கே!' என்று சிரிக்கத் தோன்றும். சிரித்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். ஆனால், அந்தச் சரக்கு விற்றது. இன்று ஐரோப்பாவின் பெரிய பெரிய ஒயின் வீடுகளெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இளைஞர்கள் முன்பு மாதிரி குடிப்பதில்லை. வண்டி ஓட்ட வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், கர்ப்பமாக இருக்கிறார்கள், காலையில் ஓடப் போக வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். விருந்தில் கையில் ஒரு கோப்பை வேண்டும். தலைக்கு ஏறக் கூடாது. இதுதான் புதுத் தேவை.

எப்படி எடுக்கிறார்கள் போதையை?

உங்கள் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். இதைத் தலைகீழாகச் செய்தால்? அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், ஆல்கஹால் 78 டிகிரி வரை காத்திருக்காது. உடம்புச் சூட்டைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். ஒயினும் வேகாது. உயரமான ஒரு கலத்துக்குள் கூம்பு கூம்பாகத் தட்டுகள் சுழல, அவற்றின் மேல் ஒயின் மெல்லிய படலமாக வழியும். முதல் சுற்றில் வாசனையைப் பிடித்துத் தனியே வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் சுற்றில் ஆல்கஹாலைக் கழற்றுவார்கள். கடைசியில் வாசனையைத் திருப்பிச் சேர்த்துவிடுவார்கள். ஐரோப்பிய யூனியன் 2021-ல் போட்ட சட்டப்படி, மிச்சம் 0.5 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருந்தால் அதை 'ஆல்கஹால் நீக்கிய ஒயின்' என்று லேபிளில் போடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாக்கு என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. ஆல்கஹால் வெறும் போதை மட்டும் இல்லை. ஒயினுக்குக் கனத்தையும் தொண்டையில் ஒரு சூட்டையும் கொடுப்பது அதுதான். அதை எடுத்தால் ஒயின் நீர்த்துப்போகிறது, புளிப்பு முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல கம்பெனிகள் இனிப்பைச் சேர்க்கின்றன. அதனால் இந்த ரகத்தில் பாதி பாட்டில்கள், நல்ல ஆங்கிலம் பேசுகிற திராட்சை ஜூஸ்!

இருந்தாலும் டோரஸ் மாதிரி வீடுகளுக்கு ஒரு விஷயத்தில் கைகொடுக்கலாம். போதை இல்லாத பாட்டிலையும் போதை உள்ள பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதே மரியாதையோடு, தன் குடும்பப் பெயரைப் போட்டு வைக்கிறார்கள். குடிக்காதவனும் நம் விருந்தாளிதான் என்கிற நினைப்பு அதில் இருக்கிறது.

சரி, நமக்கென்ன?

நமக்கும் இருக்கிறது. ஆனால், கதை வேறு.

*

இந்தியாவில் மதுக் கம்பெனிகள் போதையில்லாத சரக்கு விற்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. சோடா விற்றார்கள், தண்ணீர் பாட்டில் விற்றார்கள், பாட்டு கேசட்டும் சி.டி.யும் விற்றார்கள். கேபிள் டி.வி. விதிகளில் 2000-ல் மது விளம்பரத்துக்குத் தடை வந்ததும், நாடு முழுவதும் திடீரென்று சோடா மீது ஒரு பெருங்காதல் பிறந்தது. நட்சத்திரங்கள் குதிரையில் வந்தார்கள், கப்பலில் வந்தார்கள், கடைசியில் கோப்பையைத் தூக்கி 'சோடா' என்றார்கள். உங்கள் தெருக் கடையில் அந்தச் சோடாவை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில், இப்படி ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிற மறைமுக விளம்பரம் வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டது. அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டிருந்தது. ஹைனகென் 0.0 உலகச் சந்தைக்கு 2017-ல் வந்தது. பட்வைசர் 0.0 இந்தியாவுக்கும் வந்தது. இவை நிஜமான சரக்குதான், கண்டிப்பாகக் கடையில் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழ ஜூஸுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் நிற்கும். அதே நிறம், அதே எழுத்து, அதே முத்திரை. மூலையில் சின்னதாக இரண்டு பூஜ்யம்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஒரு பொருளைப் போதையில்லாத பானமா, இல்லை போதையின் போட்டோவா என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: மது விளம்பரத்துக்குத் தடையே இல்லாவிட்டாலும் இந்தப் பொருளை இவர்கள் செய்வார்களா? இரண்டு: அந்தப் பெரிய பெயரை லேபிளிலிருந்து கிழித்துவிட்டால், உள்ளே இருப்பதைக் குடிக்க யாராவது இரண்டாவது தடவை வருவார்களா? மூன்று: வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத உங்கள் அத்தை இதை ருசிக்காகக் குடிப்பாரா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது பானம். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அது பாட்டில் வடிவத்தில் இருக்கிற விளம்பரப் பலகை.

இதில் சிரிப்புக்கு இடமில்லாத ஒரு விஷயமும் உண்டு. குடியை விட்டு மீண்டுவரப் போராடுகிற ஒருவருக்கு, போதையில்லாத பீரும் ஆபத்தாகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த வாசனையும், கசப்பும், கையில் பிடிக்கிற அந்தக் குளிர்ந்த பாட்டிலும் பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். அதாவது, யாருக்காக இது என்று சொல்கிறார்களோ, அவர்களில் மிக முக்கியமானவருக்கே இது உதவாமல் போகலாம். இன்னொரு பக்கம், பன்னிரண்டு வயதுப் பையன் அந்தப் பூஜ்யத்தைக் குடித்து முத்திரையோடு சிநேகமாகிவிட்டால், பதினெட்டு வயதில் அவனை அறிமுகப்படுத்த வேறு விளம்பரமே வேண்டாம்.

போதை போச்சு. பேரு போகலை. வேலை செய்வது பேருதான்.

*

இவ்வளவு தூரம் ஸ்பெயினுக்கும் டி.வி.க்கும் போய் வந்தோம். கொஞ்சம் நம் பக்கம் வாருங்கள். கடலூர் செம்மண்டலம் சந்திப்பு. இங்கிருந்து ஒரு பக்கம் போனால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி. இன்னொரு பக்கம் ஆல்பேட்டை வழியாகப் பெண்ணையாற்றைத் தாண்டினால் புதுச்சேரி. இந்த இரண்டு சாலையிலும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. இரண்டும் நம் விஷயம்தான்.

முதலில் நெல்லிக்குப்பம் சாலை.

சென்னையில் பாரிமுனை என்று சொல்கிறோமே, அந்தப் பாரி, வள்ளல் பாரி இல்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த தாமஸ் பாரி. 1788-ல் சென்னையில் வியாபாரம் ஆரம்பித்தவர், 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது கடலூரில். அவர் பெயர் தாங்கிய கம்பெனி 1842-ல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்தது. கரும்பு வெல்லம் மட்டும் இல்லை, பனைவெல்லத்தையும் வாங்கிச் சுத்திகரித்த காலம் அது. இந்தப் பனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சர்க்கரை எடுத்தால் கழிவுப்பாகு மிஞ்சும். கழிவுப்பாகு இருந்தால் சாராயம் காய்ச்சலாம். காய்ச்சினார்கள். 1886-ல் மதராஸ் ஆப்காரிச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் அடுப்பு வைத்துக் காய்ச்சுவது போய், பெரிய வடிசாலைகள் அரசு உரிமத்தோடு மாவட்டங்களுக்குச் சாராயம் சப்ளை செய்யும் முறை வளர்ந்தது. அந்த வியாபாரத்தின் அடையாளம் இன்றுவரை கம்பெனியின் நெற்றியிலேயே இருக்கிறது. 'ஈ.ஐ.டி. பாரி' என்று எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன தெரியுமா? ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ். கிழக்கிந்திய வடிசாலைகள்!

ஆக, நம் ஊரிலும் ஒரு பழைய மது வீடு இருந்தது. அது போதையில்லாத சரக்குக்குக் கிளை விட்ட கதையும் உண்டு. 1914-ல் அதே நெல்லிக்குப்பத்தில் மிட்டாய்த் தொழிற்சாலை ஆரம்பமானது. பாரி மிட்டாய்! நீங்கள் 1970-களிலோ 80-களிலோ பள்ளிக்கூடம் போனவர் என்றால், சட்டைப் பையில் அந்தக் காகிதம் ஒட்டாமல் இருந்திருக்காது. 1981-ல் ஈ.ஐ.டி. பாரி முருகப்பா குழுமத்திடம் வந்தது. 2004-ல் மிட்டாய்ப் பிரிவை லோட்டே என்கிற கொரியக் கம்பெனி வாங்கியது. சர்க்கரை ஆலை இன்றும் ஓடுகிறது. இந்தியா முழுவதும் கழிவுப்பாகிலிருந்து வருகிற ஆல்கஹாலில் பெரும்பங்கு இப்போது பெட்ரோலில் கலக்கப் போகிறது. மனிதன் குடித்ததை மோட்டார் சைக்கிள் குடிக்கிற காலம்.

இந்த மிட்டாய் விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை. கவனித்துப் பாருங்கள். வடிசாலை வீடு மிட்டாய் செய்தபோது, அதைச் 'சாராயம் நீக்கிய சாராயம்' என்று விற்கவில்லை. அந்த வாசனை, அந்த பாட்டில், அந்த ஜாடை எதுவும் வேண்டியிருக்கவில்லை. மிட்டாய் மிட்டாயாகவே வந்தது. பிடித்தவர்கள் அது இனிப்பாக இருந்ததால் வாங்கினார்கள். முன் சொன்ன மூன்று கேள்வியிலும் பாஸ். தொழிலை மாற்றுவது என்றால் இப்படி மாற்ற வேண்டும். பழைய வியாபாரத்துக்கு நல்லவர்களா, கெட்டவர்களா என்பது தனி விசாரணை. புதுச் சரக்கு பழைய சரக்குக்குத் தூது போகவில்லை என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றையும் பாருங்கள். இன்று நம் மதுக்கடைகளில் விற்கிற பிராந்தி என்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கழிவுப்பாகு ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் சேர்த்தது. பிராந்தி என்றால் உலகம் பூரா திராட்சைச் சரக்கு. ஸ்பெயினில் திராட்சை உண்டு, போதை இல்லை. இங்கே போதை உண்டு, திராட்சை இல்லை. பாட்டிலின் மேல் மட்டும் ரெண்டு பேரும் திராட்சைக் கொத்தின் படம் போட்டுக்கொள்ளலாம்!

*

இப்போது அடுத்த சாலை. ஆல்பேட்டை.

அங்கே ஒரு சோதனைச்சாவடி. புதுச்சேரியிலிருந்து வருகிற பஸ்ஸில் போலீஸார் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆற்றைத் தாண்டி முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பாகூர் வட்டாரம். அங்கே பனையில் கள் இறக்கலாம், கள்ளுக்கடையை அரசே ஏலம் விடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பனைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரே மண், ஒரே மரம், ஒரே பாளை. அந்தப் பக்கம் வடிந்தால் உரிமம், இந்தப் பக்கம் வடிந்தால் குற்றம்.

கள் வேண்டுமா, வேண்டாமா என்கிற சண்டைக்குள் நான் போகவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். நான் கேட்பது கள்ளின் உடன்பிறப்பைப் பற்றி. பதநீர்.

டோரஸ் குடும்பம் சுழல் கூம்பும் வெற்றிடக் கலமும் வைத்து என்ன செய்கிறதோ, அதை நம் பனையேறி ஒரு விரல் சுண்ணாம்பில் செய்தார். பாளையைச் சீவினால் சொட்டுவது இனிப்பு நீர். அதில் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அதைச் சும்மா விடாது. சில மணி நேரத்தில் நுரை தள்ளும். அதுதான் கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால், அந்தக் காரத்தில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும். சொட்டு இனிப்பாகவே இருக்கும். அதுதான் பதநீர். அவர்கள் போதையை உண்டாக்கிவிட்டு எடுக்கிறார்கள். நாம் உண்டாகவே விடுவதில்லை. எது கெட்டிக்காரத்தனம்? கனம் குறைவதில்லை, வாசனையைத் தனியே எடுத்து வைக்க வேண்டியதில்லை, சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. உங்கள் அத்தையும் குடிப்பார், பேரனும் குடிப்பான்.

இது நம் ஆட்களுக்குத் தெரியாததும் இல்லை. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. கள் இறக்கியவர்களுக்குப் பிழைப்பு என்ன என்ற கேள்வி அன்றே வந்தது. பதநீரும் பனைவெல்லமும்தான் அதற்குப் பதில். காந்தியும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1978-ல் பனை மாநில மரமே ஆனது. தென்னையில் புளிக்காத நீரா இறக்க 2017-ல் அரசு விதிகளைக் கொண்டுவந்தது. காசர்கோட்டில் இருக்கிற மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், சுண்ணாம்புகூட இல்லாமல், பாளையிலேயே குளிர்பெட்டியைக் கட்டிச் சாற்றைப் பிடிக்கிற முறையைக் கண்டுபிடித்து, அதற்குக் 'கல்பரசா' என்று பெயரும் வைத்தது.

அறிவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மரம் இருக்கிறது. அப்புறம் ஏன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இறங்கினால் பூஜ்ய பீர் கிடைக்கும், பதநீர் கிடைக்காது?

முதல் காரணம் சந்தேகம். பதநீர் இறக்குகிறவரை நம் சட்டம் கள் இறக்கக்கூடியவராகத்தான் பார்க்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா, எவ்வளவு இருந்தது என்று கேட்டு வழக்குப் போடுவதும், கலயத்தை உடைப்பதும் பனைத் தொழிலாளர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் புகார். போதையில்லாத பானம் செய்கிற பெரிய கம்பெனிக்குப் 'புதுமை' என்று விருது. அதையே செய்கிற பனையேறிக்கு 'எங்கே, கலயத்தைக் காட்டு' என்று அதட்டல். பூஜ்ய பீரில் பூஜ்யம்தான் இருக்கிறதா என்று சூப்பர் மார்க்கெட் வாசலில் எந்த ஏட்டய்யாவும் முகர்ந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது காரணம், 'பதநீர் சீக்கிரம் கெட்டுப்போகும், அதை வைத்து வியாபாரம் பண்ண முடியாது' என்கிற வாதம். அதிகாரிகள், வியாபாரிகள், படித்தவர்கள் என்று எல்லோரும் சொல்வது. கேட்டால் நியாயமாகப் படும். ஆனால், காலையில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதே ஆவின் பால், அது என்ன கல்லா, இரும்பா? பாலைவிடச் சீக்கிரம் கெடுகிற சரக்கு வேறு என்ன இருக்கிறது? கிராமத்தில் கறக்கிற மாட்டுக்காரரிடம் ஆரம்பித்து, சங்கம், குளிரூட்டும் நிலையம், வண்டி, பாக்கெட், முகவர் என்று ஒரு சங்கிலியைக் கட்டி, விடிவதற்குள் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த அரசாங்கம் இது. வேண்டும் என்று நினைத்ததற்கு வழி கண்டுபிடித்தார்கள்.

அதுவும் வேண்டாம். டாஸ்மாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. 2023-24-ல் அதிலிருந்து வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் கடை இருக்கிறது, ஆள் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பீரைக் குளிர வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறது. குடிக்கிறவருக்கு இவ்வளவு செய்கிற அரசு, குடிக்காதவருக்கு ஒரு குளிர்பெட்டி வைக்க முடியாது என்றால், அதை இயலாமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனசு இல்லை.

*

'ஒரு கலயம் பதநீருக்கு இவ்வளவு ஆவேசமா?' என்று கேட்கலாம். ஆவேசத்துக்குக் காரணம் இருக்கிறது.

2001-ல் இதே பண்ருட்டிப் பக்கம் விஷச் சாராயத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோர். ஆலைகளில் பயன்படுத்துகிற மெத்தனால், உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறித்து, பிறகு உயிரைப் பறித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உடம்பு வலிக்க உழைத்தவர்கள். டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்கள்.

பதநீர் இருந்திருந்தால் அவர்கள் செத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. குடி நோயாகிப்போனவருக்கு இனிப்பு நீர் மருந்தாகாது. நான் சொல்வது வேறு. சாயங்காலம் வேலை முடிந்து நாலு பேர் உட்கார ஓர் இடம், கையில் ஒரு பானம், கொஞ்சம் பேச்சு... மனுஷனுக்கு இது தேவைப்படுகிறது. ஸ்பெயின்காரன் அதைப் புரிந்துகொண்டுதான் போதையில்லாத கோப்பையையும் மேஜையில் வைத்தான். நம் ஊரில் அந்த நேரத்தில், அந்த நாலு பேருக்கு, மதுக்கடையைத் தவிர வேறு என்ன வைத்திருக்கிறோம்? டீக்கடை பெஞ்சையும் பல இடங்களில் எடுத்தாயிற்று. குடிக்க வேண்டாம் என்று முடிவெடுக்கிறவனுக்கு நாம் தருவது உபதேசம் மட்டும்தான். உபதேசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதநீரை முழுசாக அவிழ்த்துவிட்டால் அதன் மறைவில் கள் விற்பார்கள் என்பது வெறும் கற்பனை இல்லை. விற்கவும் செய்வார்கள். ஆனால், இரண்டையும் பிரித்தறிய பெரிய லேபரட்டரி வேண்டாம். ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும். ஒன்றில் சுண்ணாம்பின் காரம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பால் சங்கத்தில் கொழுப்பு பார்க்க ஒரு கருவி வைத்தோமே, அது மாதிரி இதற்கும் கொள்முதல் மையத்தில் ஒரு சோதனை வைக்கலாம். மரத்தடியில் லத்தி வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. யார் மரம் ஏறுவது? ஒரு நாளைக்கு இரண்டு முறை, முப்பது நாற்பது மரம். நெஞ்சு தேய்ந்து காய்த்துப்போகும். கை நழுவினால் அதோடு முடிந்தது. பனையேறியின் மகன் பனைதான் ஏற வேண்டும் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் கம்ப்யூட்டர் படிக்கட்டும். ஆனால், பாதுகாப்பான ஏறும் கருவியும், விழுந்தால் காப்பீடும், வீட்டு வாசலில் கொள்முதலும், மரியாதையான விலையும் இருந்தால், அவனுடைய கிராமத்தில் பத்துப் பேராவது விரும்பி ஏறுவார்கள். விலையே கிடைக்காமல் செய்துவிட்டு, 'ஆள் வரமாட்டேன் என்கிறார்களே' என்று அங்கலாய்ப்பது நியாயமில்லை.

பனை மட்டும் இல்லை. பண்ருட்டி முந்திரிக்காட்டில் பருவத்தில் போய்ப் பாருங்கள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறோம். கோவாவில் அதே பழத்திலிருந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள், அதற்கு 2009-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அதே பழத்தைப் பிழிந்து, புளிக்க விடாமல் பருவத்தில் குடிக்கிற 'நீரோ'வும் அங்கே உண்டு. நமக்கு ஃபெனி வேண்டாம். நீரோவுக்கு என்ன கேடு?

நூற்றாண்டு கண்ட ஆலைகளும், பெரிய குழுமங்களும், அரசாங்கக் கூட்டுறவுகளும் இருக்கிற மாவட்டம் இது. இவர்களில் யாராவது ஒருவர், டோரஸ் குடும்பம் செய்த மாதிரி தன் பெயரைத் தைரியமாகப் போட்டு, இந்த மண்ணின் போதையில்லாத பானத்தை ஒரு நல்ல பாட்டிலில் வைக்கட்டும். மது முத்திரை இல்லாமல், பூஜ்யம் இல்லாமல், 'பதநீர்' என்று தமிழில் எழுதி. அதில் எடுப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் 'நீக்கியது' என்று எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அதுவரை உங்களால் முடிந்த ஒரு சின்னக் காரியம் உண்டு. தை, மாசி பிறந்தால் பருவம் ஆரம்பித்துவிடும். ஆனி வரைக்கும் இருக்கும். சாலையோரத்தில் மண்பானையோடு நிற்கிறவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். எல்லாம் அசல் இல்லை. சாக்கரின் கரைத்த தண்ணீரும் பதநீர் என்ற பெயரில் ஓடுகிறது. அதனால் குடிப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 'எந்த ஊரு மரம்ணே? எப்போ இறக்கினது?' அசல்காரர் ஊரைச் சொல்வார், நேரத்தைச் சொல்வார், கேட்காமலே சுண்ணாம்புக் கணக்கையும் சொல்வார். அவரிடம் பேரம் பேசாதீர்கள். பட்டையில் ஊற்றிக் கொடுத்தால், வண்டியை விட்டு இறங்கி நின்று, நிதானமாகக் குடியுங்கள். கூட வந்த பிள்ளைக்கும் ஒரு பட்டை வாங்கிக் கொடுங்கள்.

அப்படியே, அந்தப் பிள்ளையிடம் அதன் பெயரையும் சொல்லிவையுங்கள்.